மூன்றாவது படத்தில் இல்லாத வட்டம்

மச்சான்,

இன்று காலை அலுவலகத்துக்குள் கால் வைத்ததுமே அந்த நெடி மூக்கில் ஏறியது. நில வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் அறையில் அமோனியாவைத் திறந்திருந்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து மேசைக்காரர், "என்ன ஐயா, காலையிலேயே அழுறீங்க?" என்று கிண்டல் செய்தார். அமோனியா என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் நம்பிவிட்டார்.

நீ ஒரு தடவை என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "என்னா மச்சான், மாட்டுப்பட்டியில வேலை பாக்கிறியா, இல்ல கவர்மெண்டு ஆபீசுல வேலை பாக்கிறியா?" என்று கேட்டாயே, அதே நெடிதான். இந்த நுவரெலியாக் குளிரில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது. நகலெடுத்துக்கொண்டிருந்த படத்தை எட்டிப் பார்த்தேன். பழைய படம். நம் பள்ளத்தாக்கின் படம். என் கையால் மை போட்டது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. அவசரம் என்றால் பஸ் ஏறி வந்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன் என்றால், நேரில் வந்த எத்தனையோ தடவைகளில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி நம் பக்கம் வராமல் போனதற்கு ஆள் குறைவு காரணம் இல்லை மச்சான். நான்தான் காரணம்.

கோபப்படு. ஆனால் முழுவதையும் கேள்.

நாம் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். உங்கள் வீட்டில் யாராவது தும்மினால் எங்கள் அம்மா "நூறு வயசு" என்பாள். அட்டன் பஜாரில் என் மாமா கடை வைத்திருந்ததால் எனக்கு டவுன் பள்ளிக்கூடம் கிடைத்தது. உனக்குக் கிடைத்தது கொழுந்து மலை. அதில் உன் தப்பும் இல்லை, என் சாமர்த்தியமும் இல்லை. மாமா உனக்கு இருந்திருந்தால் நீதான் இந்த மேசையில் உட்கார்ந்திருப்பாய். என்னைவிட நேராகக் கோடு போட்டிருப்பாய் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

எனக்குப் படம் வரைகிற உத்தியோகம் கிடைத்தபோது நம் இரண்டு பேருக்குமே நாடு இல்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மைத் தூக்கி வெளியே போட்டிருந்த காலம். இரண்டு பேரும் ஒரே நாளில்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். ஒரே பேனா. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். என் வேலையும் அதுவரைக்கும் தற்காலிகம்தான். மேலதிகாரி மனம் வைத்தால் இருக்கலாம், வைக்காவிட்டால் திரும்பக் கொழுந்துக் கூடைதான்.

அப்போதுதான் அந்தக் குழு வந்தது. ஆசியாக் கண்டத்து நாடுகள் பலவும் சேர்ந்து அமைத்த குழு. எல்லா நாட்டிலும் துறைமுகப் பட்டினம் மட்டும் ஊதிப் பெருக்கிறது, உள்நாட்டு மலையும் காடும் காய்ந்து கிடக்கின்றன, இதை இப்படியே விட்டால் இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு கண்டம் எப்படி இருக்கும், எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சி. நம் மலைநாட்டுக்கு வந்தவர் ஒரு பர்மாக்காரர். குள்ளமான மனிதர், வெற்றிலை போடுவார், எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவன் என்று என்னை அவரோடு அனுப்பினார்கள்.

அவர் மூன்று படங்கள் போடச் சொன்னார். முதல் படம், இப்போது போகிற போக்கிலேயே போனால் என்ன ஆகும் என்பது. அதில் எல்லா ரோட்டும் எல்லா மின்கம்பியும் துறைமுகத்துக்கே ஓடும். இரண்டாவது படத்தில் உள்நாட்டில் நாலைந்து டவுன்களை மட்டும் பொறுக்கி வளர்ப்பது. மூன்றாவது படம் எல்லாப் பகுதிக்கும் சமமாகப் பங்கு வைப்பது. பள்ளத்தாக்குக்கு ஒரு ரோடு, ஒரு பள்ளிக்கூடம், வீட்டுக்கு மின்சாரம், பிள்ளைபெறுகிற பெண் அரைநாள் நடக்காமல் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு அடையாளம் சிவப்பு வட்டம். ஒரு பள்ளத்தாக்கில் இத்தனை ஆயிரம் பேருக்கு மேல் குடியிருந்தால் வட்டம் உண்டு, அதற்குக் கீழே என்றால் இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

அவரை நம் தோட்டத்துக்கு அழைத்து வந்தது உனக்கு நினைவிருக்கும். நீ லயத்து வாசலில் நின்று கை கட்டாமல் பேசினாய், எனக்கே பயமாக இருந்தது. நான் மூன்று படத்தையும் உனக்கு விளக்கினேன். நீ அண்ணாந்து பார்த்தாய். நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்திலிருந்து வருகிற பெரிய கம்பி நம் லயத்துக்கு மேலேதான் போகிறது.

"மொதப் படம் வரையிறதுக்கு அய்யா பர்மாவுல இருந்து வந்திருக்க வேணாம் மச்சான். எங்க வாசல்ல நின்னு மேல பாத்தாப் போதும். தண்ணி எங்க மலையில, கரண்டு எங்க தலைக்கு மேல, வெளிச்சம் மட்டும் கொழும்புல. எங்களுக்கு மண்ணெண்ணெய் லாம்பு. அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"மூணுல எது நடக்கும்னு யாரு முடிவு பண்றது? அதையும் கேளு."

கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அதைக் காட்டுகிற படம் எங்களிடம் இல்லை என்றார். நீ அவரை அப்போதுதான் மதித்தாய். "பரவால்ல, ஒளிக்காமப் பேசுறாரு" என்றாய்.

அதற்குள் உன் பெண்சாதி அங்கம்மா எல்லாருக்கும் பால் இல்லாத சாயத்தண்ணீர் கொண்டுவந்தாள். நாலாம் தரத் தூள், ஒரு துண்டு சக்கரை. தேயிலை விளையும் ஊரில் இதுதானா என்று அவர் கேட்பாரோ என்று எனக்குக் கூச்சம். ஏழு வயசுப் பவளம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கம்மாவுக்கு முந்தைய வருஷம்தான் ஒரு பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. அங்கம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, அய்யாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆஸ்பத்திரிய மட்டும் மொதல்ல போடச் சொல்லுங்க. ரோடு, கரண்டு, மத்த எல்லாம் இருவத்தஞ்சு வருசம் கழிச்சு வந்தாலும் நாங்க பொறுத்துக்கிறோம்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார். போகும்போது என் தோளைத் தட்டி, ஆள் தொகையைச் சரியாகச் சேர்த்துக் கொடு, அது போதும் என்றார்.

தொகை. அங்கேதான் நான் விழுந்தேன்.

நம் பள்ளத்தாக்கில் ஐந்து தோட்டம். ஆற்றுக்கு அக்கரையில் கிராமங்கள், அது படக் கணக்கில் வேறு பள்ளத்தாக்கு. எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் கடிதம் போட்டேன். அக்கரைக் கிராமத் தலைவர்கள் வீடு வீடாகப் போய் எண்ணி அனுப்பினார்கள். கிழவன், கிழவி, தொட்டில் பிள்ளை, புதுப் பெண், எல்லாரும் அதில் இருந்தார்கள். நம் பக்கத்துத் தோட்டத்து ஆபீசுகளிலிருந்து வந்தது பெரட்டுக் கணக்கு. விடியற்காலம் பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிறபோது 'இருக்கேன்' என்று குரல் கொடுக்கிறவர்களின் பட்டியல். செக்ரோல் என்கிற கூலிப் பதிவில் பெயர் இருப்பவர்கள். வேலைக்குப் போகாத கிழவர்கள் அதில் இல்லை. பிள்ளைகள் இல்லை. வயிறு கனத்து மலைக்குப் போகமுடியாமல் படுத்திருக்கும் பெண்கள் இல்லை. அரைநாள் வேலைக்கு அரைப் பேர் போட்டவர்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து ஒன்றாக்கியும் இருந்தார்கள்.

கணக்கை எழுதி அனுப்பிய பெரிய கிளாக்கர்மாரைக் குறை சொல்லமாட்டேன். எத்தனை பேர் என்று தோட்டத்தில் யார் கேட்டாலும் பெரட்டுத் தொகையைத்தான் சொல்வோம். தொரை கேட்டாலும் அதுதான், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கேட்டாலும் அதுதான், கோயில் திருவிழாவுக்கு வரி போட்டாலும் அதுதான். வெளியூர்க்காரன் ஒருவன் என் மேசையில் இருந்திருந்தால், இந்தத் தோட்டத்தில் பிள்ளையே கிடையாதா என்று முதல் நாளே கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. லயத்தில் பிறந்தவன் அல்லவா, எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கூட்டி எழுதினேன். வட்டத்துக்கு வேண்டிய தொகைக்கு நம் பள்ளத்தாக்கு கொஞ்சம் குறைந்தது. அக்கரை தாண்டியது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் கணக்கு அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவையில்லை. தெரியாமல் செய்தது என்று உன்னிடமே அன்றைக்குச் சொல்லி நாலு வசவு வாங்கியிருப்பேன்.

சுத்தப் படத்துக்கு மை போடுகிற நாள். மத்தியானம். வெளியே பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்தது. பட்டியலில் நம் லயத்துப் பக்கம் கண்ணில் பட்டது. உன் காம்பராவில் இரண்டு பேர் என்று இருந்தது. நீயும் அங்கம்மாவும். பவளம் எங்கே என்று தோன்றியது. உடனே உன் அப்பா. வலது கால் ஊன்ற முடியாமல் மூலையில் சுருண்டு கிடப்பாரே, அவர் எங்கே? அடுத்த காம்பராவைப் பார்த்தேன். எங்கள் வீடு. என் அம்மா அதில் இல்லை மச்சான். என்னைப் பெற்றவளையே நான் விட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறேன். அவளுக்குக் கண் மங்கி, செக்ரோலில் பெயரை வெட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எழுந்து நின்றேன். மேலதிகாரியின் அறை பத்து அடி தூரம். கதவு திறந்துதான் இருந்தது. போய், ஐயா, தப்பு நடந்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் கொடுங்கள், நானே நடந்து போய் எண்ணிவிட்டு வருகிறேன் என்று சொல்லவேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. திட்டியிருப்பார், தந்திருப்பார்.

ஆனால் அந்த ஆள் தொகை அட்டவணையில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் எனக்குப் பிரஜாவுரிமை விசாரணை. நடத்தைச் சான்று எழுதித் தருவதாக அவர்தான் சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய தப்பைச் செய்தவனுக்கு என்ன சான்று எழுதுவார் என்று பயந்துவிட்டேன். போதாததற்கு, என் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. இது என்ன, இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் நடக்கப்போகிறது என்று ஒரு படம். மூன்றில் ஒன்று. இதைப் பார்த்து எவன் செங்கல் அடுக்கப்போகிறான்? படம் படமாகவே இருக்கப்போகிறது.

உட்கார்ந்தேன். அக்கரையில் சிவப்பு வட்டம் போட்டேன். நம் பக்கம் தோட்டத்துப் பெயரை மட்டும் சின்ன எழுத்தில் எழுதினேன். அன்றைக்கு என் கோடுகள் ரொம்பச் சுத்தமாக வந்திருப்பதாக மேலதிகாரி பாராட்டினார். அந்தப் பாராட்டை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் ஒரு நகலைச் சுருட்டி உனக்குக் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. உனக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும், படத்தில் எல்லாம் ஆங்கிலம். நம் தோட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். "நம்ம தோட்டமா? கண்டம் முழுக்க உள்ள படத்துல நம்ம தோட்டமா?" என்று நீ லயத்தையே கூப்பிட்டுவிட்டாய். ஆள் ஆளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சோறு வடித்துப் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டினாய். பிறகுதான் கேட்டாய்.

"இந்த செவப்பு வட்டம் அக்கரையில இருக்கு. நமக்கு ஏன் இல்ல?"

"ஆள் தொகை போதலை."

"போதலையா!" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "கேட்டீங்களா இந்தக் கூத்த? லயத்துல காலை நீட்ட எடமில்ல, ஆளு போதலையாம்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீயே வாய்க்குள் எடுத்துக் கொடுத்தாய். நான் விழுங்கிவிட்டேன். அங்கம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

விசாரணை முடிந்தது. எனக்குக் கிடைத்தது, உனக்கு இல்லை. நீ ஒரு தடவை அக்கா கல்யாணத்துக்கு இந்தியா போய் வந்ததை வைத்து, இங்கேயே தொடர்ந்து குடியிருக்கவில்லை என்று உன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். நீ வெற்றிலை பாக்கோடு என்னைப் பார்க்க வந்தாய். "நம்ம லயத்துல ஒருத்தனாவது இந்த நாட்டுக்காரன் ஆயிட்டியே மச்சான்" என்றாய். உன் முகத்தில் கொஞ்சமாவது பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வருஷம் கழித்து அக்கரையில் ஆஸ்பத்திரி கட்டினார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, பிரசவத்துக்கு எட்டுக் கட்டில். எங்கே கட்டுவது என்று யோசித்தவர்கள் பழைய கோப்புகளைப் புரட்டினார்களாம். கையில் அகப்பட்டது எங்கள் படம்தான். மூன்றாவது படத்தில் நாடு முழுக்க எத்தனையோ வட்டங்கள், அதில் நிஜமானவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில. அதில் ஒன்று அக்கரை. செங்கல் அடுக்கப்போவது எவன் என்று கேட்டேன் அல்லவா. அடுக்கிவிட்டான்.

அதற்கு அடுத்த ஆனி மாதம் அங்கம்மாவுக்கு வலி எடுத்தது. மலையிலே, கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, மத்தியானத்துக்கு முன்னால். மழை ஒரு வாரமாக விடவில்லை. நான் நுவரெலியாவில் இருந்தேன். மறுநாள்தான் தந்தி வந்தது. நான் வந்து சேர்ந்தபோது நீ வாசலில் ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாய். நீயாகத்தான் சொன்னாய், நான் கேட்கவில்லை.

"கம்பளியில கட்டித் தூக்கினோம் மச்சான். எட்டுப் பேரு மாத்தி மாத்தித் தூக்கினோம். ஆத்துல எறங்க முடியல, தண்ணி இடுப்புக்கு மேல. சரின்னு கீழ போயி இரும்புப் பாலத்தச் சுத்திப் போனோம். பாலத்துக்கிட்ட வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தா. பவளத்துக்கு அடுப்பு மேல சட்டை காயப்போட்டிருக்கேன், எடுக்கச் சொல்லுங்கன்னா. அதுக்கப்புறம் பேசல."

"பிள்ளை?"

"அதுவும் அவளோடயே."

பிறகு சொன்னாய், யாரையும் திட்டாமல், குரலை உயர்த்தாமல். "அக்கரையில ஆளு நெறைய இருக்காங்க. அங்கதானே கட்டுவாங்க. என்ன செய்றது."

மச்சான், நீ என்னை அன்றைக்குச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் எண்ணிக்கையை நீ நம்பினாய். நான் சேர்த்த தொகையை வைத்து உன் பெண்சாதியின் சாவுக்கு நியாயம் சொன்னாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்கமாட்டேன்.

அதற்குப் பிறகு சொல்லவேண்டும் என்றே எத்தனை தடவை வந்தேன் தெரியுமா? தைப்பொங்கலுக்கு வந்தேன். பவளம் பெரிய மனுஷியானபோது வந்தேன். அவளை நம் லயத்திலேயே கட்டிக் கொடுத்தபோது வந்து, மூன்று நாள் தங்கி, பந்தியில் பரிமாறிவிட்டுப் போனேன். கடைசியாக நீ நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தபோது வந்தேன். இருமலுக்கு நடுவில் என் முகத்தையே பார்த்தாய்.

"என்னமோ சொல்ல வந்தவன் மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு பஸ்ஸு மாறி வந்த?"

பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பேசினோம். அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

இப்போது இன்னொரு குழு வந்திருக்கிறது. வேறு ஆட்கள், வேறு குறிப்புப் புத்தகம். பழைய படங்களை எடுத்து, இனி வரும் இருபது வருஷத்துக்குத் திருத்தவேண்டுமாம். மறுபடியும் மூன்று படம், மறுபடியும் மூன்றாவதில் சிவப்பு வட்டம். சட்டமும் அதேதான். நம் பள்ளத்தாக்கு என் கைக்கே வந்தது. இந்தத் தடவை கடிதம் போடமாட்டேன், நடந்து போய்த்தான் எண்ணுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இப்போது நான் நிரந்தரம், பிடிவாதம் பிடிக்கலாம். சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார்கள்.

ஒன்பது நாள். ஐந்து தோட்டம். ஒரு காம்பராவையும் விடவில்லை. தொட்டிலுக்குள் குனிந்து பார்த்து எழுதினேன். திண்ணையில்லாத வாசலில் வெயில் காயும் கிழவர்களை எழுப்பிப் பெயர் கேட்டேன். பெரட்டுப் பக்கமே போகவில்லை. ஆனால் போன இடமெல்லாம் பூட்டு மச்சான். இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார்கள். சில லயங்களில் பாதிக் காம்பராவில் அடுப்புப் புகை இல்லை. இருக்கிறவர்களிலும் பலர் பெட்டி கட்டிவிட்டு நாள் வருவதற்குக் காத்திருக்கிறார்கள்.

கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவை கூட்டினேன். வட்டத்துக்கு வேண்டிய தொகைக்கு நம் பள்ளத்தாக்கு கொஞ்சம் குறைகிறது. இந்தத் தடவை நிஜமாகவே குறைகிறது. அன்றைக்கு நான் எழுதியது பொய். இன்றைக்கு அதே தொகை உண்மையாகிவிட்டது. எங்கே போய் முட்டிக்கொள்வது சொல்.

பவளத்தின் காம்பராவுக்குக் கடைசியாகத்தான் போனேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளைக்கு ஆறாம் மாதம். அங்கம்மாவின் நெற்றி அப்படியே. என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இந்தத் தடவ வந்துரும்ல மாமா? ஆஸ்பத்திரி?"

வராதும்மா என்றேன். ஏன் என்றாள். ஆள் போதாது என்ற பழைய பதில் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டுக் கணக்கு, அந்த மத்தியானம், பத்து அடி தூரத்துக் கதவு, நடத்தைச் சான்று, ஒன்றும் விடவில்லை. அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பொறுக்கினாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலியா?"

"தோணிச்சும்மா. பயந்துட்டேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவள் அழுவதைப் பார்த்தேன்.

"அவரு சாகுற வரைக்கும் என்ன சொல்லிக்கிட்டு இருந்தாரு தெரியுமா மாமா? 'உங்க மாமன் மட்டும் அங்க இல்லேன்னா நம்மள எல்லாம் மனுசக் கணக்குலயே சேத்திருக்க மாட்டானுங்க'ன்னு சொல்லுவாரு. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவாரு."

கடைசி மாதம் நுவரெலியாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரு, ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். "மழை வரப்போகுது, போங்க மாமா" என்றாள். மாமா என்றுதான் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாளாக உயிரோடு இருக்கிறேன்.

நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த நன்றி என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு நான் உரியவன் இல்லை என்று உன்னிடம் சொல்லித் திருப்பித் தர இந்தக் கடிதத்தைவிட வேறு வழி தெரியவில்லை. இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

தை மாதம் அவளுக்கு நாள். முன்னறையை ஒழித்துக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். வருவாளா என்று தெரியவில்லை. வராவிட்டால் மார்கழி பிறந்ததும் லீவு போட்டுவிட்டு நான் அங்கே போய் அவள் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். துரத்தினாலும் போகமாட்டேன். அங்கம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடின எட்டுப் பேரில் நான் இல்லை மச்சான். பவளத்தைத் தூக்க வேண்டி வந்தால், எந்த மழையானாலும் தூக்குகிறவர்களில் ஒரு ஆள் குறையாமல் நான் இருப்பேன்.